ஒரே எம்.பி., பேரவை இல்லாத நிர்வாகம், ரூ.72,000 கோடி திட்டம்: அந்தமானில் வளர்ச்சியை முடிவு செய்வது யார்?

ஸ்ரீ விஜயபுரம்: தமிழ்நாட்டில் குடிநீர்த் திட்டம் ஒன்று தாமதமானால் சட்டப்பேரவையில் எதிர்க்கட்சி கேள்வி எழுப்பும், துறை அமைச்சர் பதிலளிப்பார். புதுச்சேரியிலும் 30 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் பேரவை உண்டு. வங்கக் கடலில் சென்னையிலிருந்து சுமார் 1,190 கி.மீ. தொலைவில் உள்ள அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பேரவையும் இல்லை, முதல்வரும் இல்லை, அமைச்சர்களும் இல்லை. மக்கள் நேரடியாக வாக்களித்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் பிரதிநிதி ஒருவர் மட்டுமே.

அந்த ஒருவர் தற்போது பாஜகவைச் சேர்ந்த பிஷ்ணு பத ரே. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் 1,02,436 வாக்குகள் பெற்று, காங்கிரஸ் வேட்பாளர் குல்தீப் ராய் சர்மாவை 24,396 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். 1999, 2009, 2014 தேர்தல்களிலும் வென்றவர் என்பதால் இது அவருக்கு நான்காவது வெற்றி. 2019-இல் பாஜக வேறு வேட்பாளரை நிறுத்தியபோது சர்மா 1,407 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றிருந்தார்.

சுமார் 4 லட்சம் மக்கள் வாழும் இத்தீவுகளில்தான் நாட்டின் மிகப்பெரிய கட்டமைப்புத் திட்டங்களில் ஒன்றான கிரேட் நிக்கோபார் திட்டம் முன்னெடுக்கப்படுகிறது. பொருளாதார வளர்ச்சி குறித்தும் மக்கள் சேவை குறித்தும் தீவு அரசியல்வாதிகள் என்ன கருதுகிறார்கள், அக்கருத்துகளுக்கு நிர்வாகத்தில் எவ்வளவு எடை இருக்கிறது என்ற கேள்விகள் இதனால் முக்கியத்துவம் பெற்றுள்ளன.

நிர்வாகம் எப்படி இயங்குகிறது?

அரசியலமைப்பின் 239-ஆவது பிரிவின்படி யூனியன் பிரதேசங்களைக் குடியரசுத் தலைவர் தாம் நியமிக்கும் நிர்வாகி மூலம் ஆட்சி செய்கிறார். அந்தமானில் அந்த நிர்வாகி துணைநிலை ஆளுநர். கடற்படையின் முன்னாள் தலைமைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி 2017 அக்டோபரில் இப்பொறுப்பை ஏற்றார். 240-ஆவது பிரிவின் கீழ் இத்தீவுகளின் அமைதி, முன்னேற்றம், நல்லாட்சி ஆகியவற்றுக்காகக் குடியரசுத் தலைவரே ஒழுங்குமுறைகளை வகுக்கலாம். அவற்றுக்கு நாடாளுமன்றச் சட்டத்துக்கு இணையான வலிமை உண்டு. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும், 1994-ஆம் ஆண்டு ஊராட்சி ஒழுங்குமுறையும் இவ்வாறு பிறந்தவையே.

தீவுகளின் ஆண்டு நிதி சுமார் ரூ.6,000 கோடி. இது உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளில் ஒன்றாக நாடாளுமன்றத்தில் நிறைவேறுகிறது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் தலைக்குச் சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். பெரும்பாலான மாநிலங்கள் நினைத்தும் பார்க்க இயலாத தொகை இது. எனவே தீவுகளின் குறை பணப் பற்றாக்குறை என்று சொல்வது கடினம். அப்பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடம் தீவில் இல்லை என்பதே உள்ளூர் அரசியல்வாதிகள் கட்சி வேறுபாடின்றி நீண்டகாலமாகக் கூறிவரும் குறை. உள்துறை அமைச்சரின் ஆலோசனைக் குழுவில் மக்களவை உறுப்பினருக்கு இடம் உண்டு. ஆனால் அக்குழு ஆலோசனை கூறலாமே தவிர, நிதியை ஒதுக்கவோ அதிகாரியை நீக்கவோ முடியாது.

எம்.பி.யின் நேரடிப் பரிந்துரையில் செலவாவது தொகுதி மேம்பாட்டு நிதியான ஆண்டுக்கு ரூ.5 கோடி மட்டுமே. தமிழ்நாட்டின் ஒரு தொகுதிக்கும், 8,249 சதுர கி.மீ. பரப்பில் வடக்கே திக்லிபூர் முதல் தெற்கே இந்திரா முனை வரை சிதறிக் கிடக்கும் இத்தொகுதிக்கும் தொகை ஒன்றே.

கீழ்மட்டத்தில் தேர்தல் உண்டு. தெற்கு அந்தமான் மாவட்டத்திலும், வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்திலும் ஜில்லா பரிஷத்துகள் உள்ளன. நிக்கோபார் மாவட்டத்தின் பழங்குடி ஊர்களில் ஊராட்சிகளுக்குப் பதிலாகப் பழங்குடி மன்றங்கள் இயங்குகின்றன. தலைநகரின் நகராட்சி மன்றத்தில் 24 வார்டுகள் உள்ளன. 2022 தேர்தலில் பாஜகவும் காங்கிரசும் தலா 10 வார்டுகளை வென்றதால் சிறு கட்சிகளின் கை ஓங்கியது. அடுத்த ஆண்டு மார்ச்சில், பாஜக ஆதரவுடன் தெலுங்கு தேசம் கட்சியின் எஸ். செல்வி நகராட்சித் தலைவரானார். திமுகவுக்கும் அங்கு ஒரு வார்டு கிடைத்தது. 2011 கணக்கெடுப்பின்படி தீவு மக்களில் சுமார் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். வங்காளம், இந்திக்கு அடுத்த இடம் தமிழுக்கே. தீவின் உள்ளூர் அரசியலில் தமிழ், தெலுங்கு வாக்குகளைப் பொருட்படுத்தாமல் எந்தக் கட்சியும் கணக்குப் போட முடியாது.

அரசு கட்டிய பொருளாதாரம்

தீவு அரசியல்வாதிகளின் பொருளாதாரப் பார்வையைப் புரிந்துகொள்ள, தீவுகளில் மக்கள் குடியேறிய வரலாற்றைச் சற்றேனும் அறிய வேண்டும். 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் இங்கு நிலம் அளித்துக் குடியமர்த்தப்பட்டனர். சாலை அமைக்கவும் மரம் வெட்டவும் ராஞ்சிப் பகுதித் தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டனர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் சிலர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். 1969 முதல் கிரேட் நிக்கோபாரில் முன்னாள் படைவீரர்களின் குடும்பங்கள் குடியேறின. நிலம், வேலை, கப்பல், அரிசி, மண்ணெண்ணெய் என அனைத்தும் அரசு வழியாகவே வந்தன. ஆகவே இங்கு வளர்ச்சி என்றாலும் மக்கள் சேவை என்றாலும் நெடுங்காலம் ஒரே பொருள்தான்: அரசு எதைக் கொண்டுவந்து தருகிறது என்பது.

இந்த அரசியலின் முகமாக விளங்கியவர் காங்கிரசின் மனோரஞ்சன் பக்தா. 1977 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு முறையும், 2004-இல் ரேயைத் தோற்கடித்து எட்டாவது முறையும் மக்களவைக்குத் தேர்வானார். அவர் காலத்தில்தான், 1986-இல், அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தலைமையில் தீவு மேம்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. 1988-இல் அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஒருங்கிணைந்த மேம்பாட்டுக் கழகம் தோன்றியது. பால், பெட்ரோல், மதுபானம் ஆகியவற்றை விநியோகிப்பதும் சுற்றுலா விடுதிகள் நடத்துவதும் இக்கழகத்தின் வழக்கமான பணிகள். இதே கழகம்தான் இன்று ரூ.72,000 கோடி திட்டத்தின் செயல்படுத்தும் அமைப்பு என்பதை வியக்காமல் கடப்பது கடினம்.

அந்தப் பழைய பொருளாதாரத்தின் முதுகெலும்பாக இருந்தது மரம். 1883-இல் தொடங்கிய சாத்தம் மரம் அறுக்கும் ஆலை ஆசியாவின் பழமையான பெரிய ஆலைகளில் ஒன்றாகும். சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, மர வெட்டுக்குக் கடும் கட்டுப்பாடுகளை விதித்தது. ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டை ஊடறுத்துச் செல்லும் அந்தமான் டிரங்க் சாலையின் அப்பகுதிகளை மூடவும் அது உத்தரவிட்டது. மரத் தொழில் சுருங்கியது. சாலையோ இன்றும் பயன்பாட்டில் உள்ளது. தெற்கையும் வடக்கையும் இணைக்கும் தரைவழி அது ஒன்றே என்பது தீவு அரசியல்வாதிகளின் வாதம். வடக்கு அந்தமான் விவசாயி ஒருவர் அவசர சிகிச்சைக்குத் தலைநகர் வர வேண்டியிருக்கும்போது அந்த வாதம் வெறும் பேச்சாக இராது. அதே சாலையில் சுற்றுலா வாகனங்கள் ஜாரவா மக்களை வேடிக்கை பார்க்கச் சென்றதும் உண்மையே.

பிஷ்ணு பத ரேயின் பார்வை

ரேயின் நிலைப்பாடு மறைவானதன்று. சாலை, ரயில், கப்பல், வேலைவாய்ப்பு ஆகியவையே தீவுகளின் தேவை என்பதும், அவற்றுக்குத் தடையாக நிற்கும் காப்பு விதிகள் தளர்த்தப்பட வேண்டும் என்பதும் அவர் நீண்டகாலமாக முன்வைத்துவரும் கருத்து. 2010-இல் ஜாரவா சிறுவர்களை உறைவிடப் பள்ளிகளில் சேர்த்து அச்சமூகத்தைப் பொது நீரோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவர் வலியுறுத்தியபோது, பழங்குடியினர் உரிமைக்கான சர்வைவல் இண்டர்நேஷனல் அமைப்பு கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. வெளியுலகத் தொடர்பால் நோயும் குடிப்பழக்கமும் பரவி கிரேட் அந்தமானிய மக்கள் சில பத்துப் பேராகக் குறைந்த வரலாற்றை எதிர்ப்பாளர்கள் நினைவூட்டினர்.

தலைநகரையும் திக்லிபூரையும் இணைக்கும் சுமார் 240 கி.மீ. ரயில் பாதைத் திட்டமும் இதே சிந்தனையின் வெளிப்பாடு. வருவாய்க் கணக்கில் அது நட்டத்தையே தரும் என்பது ஆய்வுகளில் தெரிந்த பின்னரும், பாதுகாப்பு முக்கியத்துவம் கருதி 2017-இல் ரயில்வே அமைச்சகம் அதற்குச் சாதகமான நிலையை எடுத்தது. தீவில் இதுவரை ரயில் ஓடவில்லை.

2024 வெற்றிக்குப் பிறகு ரே ஆற்றிய உரை ஒன்று, மக்கள் சேவை என்ற சொல்லுக்கே வேறொரு பொருளைக் கொடுத்துவிட்டது. தமக்கு வாக்களிக்காத நிக்கோபார் மக்களை எச்சரிக்கும் தொனியில் அவர் பேசிய காணொளி வெளியானது. காங்கிரஸ் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே அதைக் கண்டித்தார். கார் நிக்கோபார் நெடுங்காலமாகக் காங்கிரசுக்கு வாக்களித்துவரும் பகுதி. மாநிலங்களில் ஒரு தொகுதி எம்.பி. கைவிட்டாலும் எம்.எல்.ஏ.வை அணுகலாம்; அமைச்சரிடம் மனு கொடுக்கலாம். இங்கு மாற்று வழி இல்லை என்பதே அந்தப் பேச்சை மற்ற தேர்தல் மேடைப் பேச்சுகளிலிருந்து வேறுபடுத்துகிறது.

கிரேட் நிக்கோபார்: திட்டம் என்ன சொல்கிறது?

2017 ஜூனில் உள்துறை அமைச்சர் தலைமையில் தீவுகள் மேம்பாட்டு முகமை அமைக்கப்பட்டது. நிதி ஆயோக்கின் முயற்சியில் கிரேட் நிக்கோபாருக்கு முழுமைத் திட்டம் உருவானது. காலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகப் பரிமாற்றத் துறைமுகம், ராணுவமும் பொதுமக்களும் பயன்படுத்தும் விமான நிலையம், எரிவாயு மற்றும் சூரிய ஆற்றலில் இயங்கும் 450 எம்.வி.ஏ. மின் நிலையம், புதிய நகரம் ஆகிய நான்கும் இதில் அடங்கும். திட்டப் பரப்பு 166.10 சதுர கி.மீ.; இதில் 130.75 சதுர கி.மீ. காடு. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது.

அரசின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இந்தியாவின் பரிமாற்றச் சரக்கில் சுமார் முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர், கிளாங் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களில் கையாளப்படுகிறது. தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் பெட்டகம் கொழும்பில் கப்பல் மாறுவது நமக்குப் பழகிய செய்தி. மலாக்கா நீரிணைக்குச் செல்லும் கடற்பாதை கிரேட் நிக்கோபாருக்கு அருகிலேயே செல்கிறது. அங்கு ஆழ்கடல் துறைமுகம் அமைந்தால் அந்த வருவாய் நாட்டுக்குள் வரும், கடற்படைக்கும் வலு சேரும் என்பது அரசின் கணக்கு. முழுமையடைந்தால் ஆண்டுக்கு 1.42 கோடி பெட்டக அலகுகளைக் கையாளும் திறன் இத்துறைமுகத்துக்கு இருக்கும் என்று திட்ட ஆவணங்கள் கூறுகின்றன. எனினும் அந்தச் சரக்குக்குப் போட்டி உண்டு. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதன் பின்புலத்தில் சாலையும் தொழிற்சாலைகளும் உள்ள நிலப்பரப்பு இருக்கிறது. கிரேட் நிக்கோபாருக்கு அது இல்லை.

எதிர்ப்பாளர்களின் கவலைகள் வேறு. காலத்தியா விரிகுடா பேராமைகள் முட்டையிடும் கடற்கரை. அங்கிருந்த வனவிலங்கு சரணாலயத்தின் அறிவிக்கை 2021-இல் ரத்து செய்யப்பட்டது. சுமார் 9.64 லட்சம் மரங்கள் பாதிக்கப்படக்கூடும் என்று அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இதற்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடும் ஏற்பாடு, மழைக்காட்டை அறிந்தவர்களிடம் எத்தகைய வரவேற்பைப் பெறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இந்திரா முனையின் தரைமட்டம் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கரையில் நின்ற கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. அதே தீவில்தான் துறைமுகம் அமையவுள்ளது.

ஷோம்பென் மக்கள் 2011 கணக்கெடுப்பில் 229 பேர். இவர்களைத் தவிர, சுனாமிக்கு முன் தீவின் மேற்கு, தெற்குக் கடற்கரைகளில் வாழ்ந்த நிக்கோபாரிகள் கேம்ப்பெல் பே அருகே ராஜீவ் நகர் போன்ற குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். தங்கள் பழைய ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்களின் இடைவிடாத கோரிக்கை. திட்டத்துக்கு முதலில் தடையில்லாச் சான்று அளித்த லிட்டில் மற்றும் கிரேட் நிக்கோபார் பழங்குடி மன்றம், மூதாதையர் நிலங்களும் திட்டப் பரப்பில் அடங்கும் விவரம் தெரிந்ததும் 2022 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. வன உரிமைகள் முறையாகத் தீர்க்கப்படவில்லை என்பதும் மன்றத்தின் புகார். இதை முன்வைத்து முன்னாள் மத்திய அரசுச் செயலர் மீனா குப்தா கல்கத்தா உயர் நீதிமன்றத்தை அணுகினார்.

டெல்லியில் மூண்ட விவாதம்

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2023 ஏப்ரலில் அனுமதியை ரத்து செய்ய மறுத்து, சில அம்சங்களை மறுஆய்வு செய்ய உயர்மட்டக் குழு ஒன்றை அமைத்தது. 2025 செப்டம்பரில் காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சித் தலைவர் சோனியா காந்தி, நாளேடு ஒன்றில் திட்டத்தைக் கடுமையாக விமர்சித்துக் கட்டுரை எழுதினார். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் அதே நாளேட்டில் மறுப்புக் கட்டுரை எழுதினார். ராகுல் காந்தி, பழங்குடியினர் நலத்துறை அமைச்சர் ஜுவல் ஓராமுக்குக் கடிதம் அனுப்பினார்.

இந்த விவாதத்தில் பங்கேற்றவர்கள் எவரும் தீவு வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். தீவின் எதிர்காலம் குறித்து நாட்டின் முன்னணித் தலைவர்கள் வாதிடுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் இதே விவாதம் ஒரு மாநிலத்தில் நடந்திருந்தால் பேரவைத் தீர்மானமும், மாநில அமைச்சரவை முடிவும், மாநில வனத்துறையின் தனிக் குரலும் அதில் இடம்பெற்றிருக்கும். இங்கு திட்டத்தை முன்மொழியும் கழகமும், வன உரிமைகள் தீர்க்கப்பட்டதாகச் சான்றளிக்கும் மாவட்ட நிர்வாகமும் ஒரே தலைமையின் கீழ் உள்ளவை.

அன்றாடச் சேவைகளின் நிலை

பெருந்திட்டங்கள் ஒருபுறமிருக்க, தீவு வாக்காளர் எம்.பி.யிடம் கேட்பவை பெரும்பாலும் சிறியவை. சென்னைக்குக் கப்பல் எப்போது? சுமார் 60 மணி நேரம் ஆகும் அந்தப் பயணம், விமானக் கட்டணம் எட்டாத குடும்பங்களுக்கு இன்றும் ஒரே வழி. கேம்ப்பெல் பேயிலிருந்து தலைநகருக்குச் சுமார் 540 கி.மீ.; கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும். கோடையில் தலைநகரின் நீராதாரமான தனிக்காரி அணை வற்றும்போது குழாயில் தண்ணீர் சில நாள்களுக்கு ஒருமுறையே வரும். மின்சாரத்தின் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து கிடைக்கிறது. இதற்கு மாற்றாக நெய்வேலியின் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை மின்கல அமைப்புடன் அங்கு நிறுவியுள்ளது. 2015-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டும், சிக்கலான சிகிச்சைகளுக்கு நோயாளிகள் சென்னை போன்ற பெருநகரங்களுக்கே வருகிறார்கள்.

மாற்றம் எதுவும் நிகழவில்லை என்று கூறவும் முடியாது. சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்கு ரூ.1,224 கோடியில் அமைக்கப்பட்ட கடலடிக் கண்ணாடி இழைக் கம்பித் தடத்தைப் பிரதமர் மோடி 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைத்தார். அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்பில் தேர்வு முடிவைப் பார்க்கவே பாடுபட்ட மாணவர்களுக்கு, அண்மைக் காலத்தில் தீவுக்கு வந்த மிகப் பயனுள்ள திட்டம் இதுவாகத்தான் இருக்கும். சுமார் ரூ.710 கோடியில் கட்டப்பட்ட புதிய விமான முனையம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் என்ற பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. இத்தீவுகள் சோழர்களின் கடற்படைத் தளமாக இருந்ததை அறிவிப்பின்போது உள்துறை அமைச்சர் அமித் ஷா குறிப்பிட்டார். ராஜேந்திர சோழன் படையெடுத்துச் சென்றதே ஸ்ரீவிஜயப் பேரரசின் மீதுதான் என்பதைத் தமிழ் வாசகர்கள் உடனே கவனித்திருப்பார்கள்.

பேரவை சாத்தியமா?

யூனியன் பிரதேசங்களுக்குப் பேரவை அமைக்க வகைசெய்யும் 239-ஏ பிரிவில் இன்று புதுச்சேரி மட்டுமே இடம்பெற்றுள்ளது. அந்தமானைச் சேர்க்க அரசியலமைப்புத் திருத்தம் தேவை. மக்கள்தொகை குறைவு, கடல் எல்லைப் பாதுகாப்பு ஆகிய இரு காரணங்கள் எதிராகச் சொல்லப்படுகின்றன. முதல் காரணம் கேள்விக்குரியது: 1970-களில் சிக்கிம் மாநிலமானபோது அதன் மக்கள்தொகை இன்றைய அந்தமானைவிடக் குறைவாகவே இருந்தது. லடாக்கில் 2019-க்குப் பின் பேரவையும் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் கேட்டு எழுந்த போராட்டம், 2025 செப்டம்பரில் லே நகரில் உயிரிழப்புகளில் முடிந்தது. லட்சத்தீவுகளில் 2021-இல் நிர்வாகி கொண்டுவந்த வரைவு ஒழுங்குமுறைகளுக்கு எதிராக வீடுகள்தோறும் உண்ணாவிரதம் நடந்தது. அந்தமானில் அத்தகைய பேரெழுச்சி எதுவும் தோன்றவில்லை. அரசு வேலையையும் அரசு மானியத்தையும் சார்ந்த சமூகத்தில் அது எளிதும் அன்று.

கிரேட் நிக்கோபாரின் மக்கள்தொகை 2011-இல் சுமார் 8,000. திட்டம் முழுமையடையும்போது அது சுமார் மூன்றரை லட்சமாக உயரும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. 2024-இல் ஒட்டுமொத்தத் தீவுகளின் வாக்காளர் எண்ணிக்கையே சுமார் 3 லட்சம்தான். எனவே அங்கு குடியேறவிருக்கும் மக்கள், அடுத்த தலைமுறையில் இத்தொகுதியின் ஒரே எம்.பி. யார் என்பதையும் முடிவு செய்யக்கூடும்.